சுரைக்காயில் அரை ஸ்பூன்

என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதற்காக நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது உண்டு. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஐந்து மாதம். அதற்கு முன்னால் வருஷக்கணக்காக அதே காரணத்துக்காக அவளைத் திட்டிக்கொண்டிருந்தவனும் நான்தான். இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறான். மயூர் விஹாரில், மூன்றாவது மாடியில், குக்கரின் இரண்டாவது விசிலுக்குக் காத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறான்.

எங்கள் வீட்டில் எந்தத் தகராறும் சாப்பாட்டில்தான் ஆரம்பிக்கும். எனக்கும் என் மனைவிக்கும் தூத்துக்குடிப் பக்கம். மீன் இல்லாத நாளை எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் ஒரு நாளாகவே கணக்கில் வைக்க மாட்டார்கள். “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல, சாம்பார்தான்” என்று பதில் வரும். பாவம் சாம்பார், அதற்கு அவ்வளவுதான் மரியாதை. மத்திய அரசு வேலை கிடைத்து டெல்லிக்கு வந்து, லோதி ரோட்டில் ஃபைல் புரட்ட ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிவிட்டது. முள்ளும் மண்வாசனையுமாக இங்கே கிடைக்கிற ஆற்றுமீனைத் திட்டிக்கொண்டே வாங்கி, திட்டிக்கொண்டே சாப்பிட்டோம். விடவில்லை.

விட்டவள் என் மகள். எட்டாம் வகுப்பில் இருந்தாள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, தட்டில் நான் வைத்த ஆட்டுக்கறியை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

“அப்பா, இனிமே நான் நான்-வெஜ் சாப்பிட மாட்டேன்.”

“ஏன், என்ன ஆச்சு?”

“ரீசன் சொன்னா நீங்க ஆர்க்யூ பண்ணுவீங்க. அதனால சொல்ல மாட்டேன்.”

உண்மைதான். பண்ணியிருப்பேன். ஆபீசில் எனக்கு நல்ல பெயர் இல்லாததற்கே அதுதான் காரணம். ஆனாலும் பதிமூன்று வயதுப் பெண் என்னை இப்படி அளந்து வைத்திருக்கிறாளே என்று சுருக்கென்றது. “ஓஹோ, பெரிய மகாத்மா!” என்று கிண்டல் செய்தேன். அவள் கோபப்படவில்லை. தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அந்த மாதம்தான் என் ரத்தப் பரிசோதனைக் காகிதம் வந்திருந்தது. அதை என் மூக்குக்கு நேராக நீட்டி அவள் ஒரு சட்டம் போட்டாள். வாரத்தில் ஆறு நாள் வீடு முழுக்கச் சைவம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், தனிச் சட்டியில், எனக்கும் அவளுக்கும் கொஞ்சம் கறி. அவளுக்குக் காலை ஷிஃப்ட் என்பதால் ஆறு மணிக்கே வண்டி வந்துவிடும். ஆகவே அந்த ஆறு நாளும் காலைச் சமையல், டப்பா கட்டுவது எல்லாம் என் தலையில்.

எனக்குக் கறி சமைக்கத் தெரியும், மீன் சமைக்கத் தெரியும். காய் சமைக்க மட்டும் தெரியாது. காய் என்பது எனக்குக் குழம்பில் தானாக மிதக்கும் ஒரு பொருள். கீழே தள்ளுவண்டிக்காரரிடம் போய் நின்றேன். நான் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் பையா என்பேன், என்னைவிட நரைத்த தலையோடு அவர் என்னை அங்கிள் என்பார். அவர் கொடுத்ததையெல்லாம் வாங்கி வந்தேன். டிண்டா என்று ஒரு குட்டிப் பூசணி, என்ன செய்தாலும் ஈரத்துணியைத் தின்பது மாதிரியே இருந்தது. ராஜ்மாவை முந்தின நாளே ஊறப்போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு விசிலுக்குப் பிறகும் கூழாங்கல்லாகக் கிடந்தது. பனீரை வதக்கி வதக்கி ரப்பராக்கினேன். சுரைக்காயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் கியா என்பார்கள், வருஷம் பூராவும் கிடைக்கும். தண்ணீரில் தண்ணீரைப் போட்டு வேகவைத்த மாதிரி ஒரு ருசி.

அவள் குறை சொல்லியிருந்தால் தேவலை. சொல்லவே மாட்டாள். “நல்லா இருக்குப்பா” என்பாள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வரும். ஆகஸ்ட் கடைசியில் அவள் பள்ளிக்கூடப் பேண்ட் இடுப்பில் நிற்காமல் இறங்கியது. பெல்ட்டில் ஆணியை வைத்துப் புது ஓட்டை போட்டுக்கொடுத்தவன் நான்தான். பிள்ளைக்கு ஒரு வேளைச் சோறு வாய்க்கு ருசியாக ஆக்கிப்போட முடியவில்லையே, என்ன மனுஷன் நான் என்று இருந்தது.

செப்டம்பரில் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் வந்தார். என் அக்கா அவர் கையில் ஒரு பை கொடுத்து அனுப்பியிருந்தாள். உள்ளே மூன்று பழைய காபி பாட்டில்கள். மூன்றிலும் பொடி. பால்பாயின்ட் பேனாவால் எழுதி ஒட்டிய காகிதம் ஒவ்வொன்றிலும்: பருப்புப்பொடி, இட்லிப்பொடி, கூனிப்பொடி.

கூனி என்பது குட்டி இறால். சுண்டுவிரல் நகத்தின் அளவுகூட வராது. அதை வெயிலில் காயவைத்து, மணலும் கண்ணும் போகப் புடைத்து, வாணலியில் முறுக வறுத்து, மிளகாய், பூண்டு, தேங்காயோடு இடித்தால் கூனிப்பொடி. எங்கள் பக்கத்தில் அதை யாரும் மீன் வகையில் சேர்ப்பது கிடையாது. மீன் சட்டியில் இருக்கும், பொடி பாட்டிலில் இருக்கும். காய்க்குள் ருசி இறங்காவிட்டால் அரை ஸ்பூன் தூவுவார்கள், அவ்வளவுதான். பருப்புப்பொடிக்குப் பக்கத்திலேயே அது உட்கார்ந்திருக்கும். நானும் அப்படியே பக்கத்தில் வைத்தேன்.

ஒரு புதன்கிழமை காலை. கடலைப்பருப்பும் சுரைக்காயும் குக்கரில் மூன்று விசில் வந்து இறங்கியிருந்தன. தாளித்துக் கொட்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். வழக்கம்போல ஒன்றுமில்லை. கண் பாட்டிலுக்குப் போனது. கை தானாகப் போனது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கை தானாக எங்கேயும் போகாது. நான்தான் எடுத்தேன். அரை ஸ்பூன் போட்டேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. போடுவதற்கு முன்னால் திரும்பிப் பார்த்தேனே, அவள் வருகிறாளா என்று! தெரியாமல் செய்கிறவன் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்?

அன்று டப்பா காலியாக வந்தது. காலி என்றால் வழித்துத் துடைத்த காலி.

“அப்பா, ஆஜ் கா லன்ச் ஏக்தம் மஸ்த், செம டேஸ்ட்! என்ன போட்டீங்க?”

“அத்தை அனுப்பின ஊர்ப் பொடி.”

பொய் இல்லை பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் மனைவி வந்து மீதி இருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்ததும் என்னைச் சமையலறை மூலைக்கு இழுத்துப்போனாள். அவளும் அதே கடற்கரைக்காரிதானே, மூக்கு பொய் சொல்லுமா?

“இது கூனில்லா?” என்றாள் ரகசியமாக.

“அரை ஸ்பூன்தான்.”

“அவகிட்ட சொன்னீங்களா?”

“சொல்றேன்.”

“எப்போ?”

“கொஞ்சம் ஒடம்பு தேறட்டும். பெல்ட்டப் பாத்தியா நீ?”

பெல்ட்டை அவளும் பார்த்திருந்தாள். அந்தக் கூட்டை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். அவளை இதில் மாட்டிவிட நான் எழுதவில்லை. அவள் பிறகு வாராவாரம் “சொல்லிட்டீங்களா, சொல்லிட்டீங்களா” என்று கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். நான்தான் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு முறை பிடிபட்டுவிட்டது. ஒரு பருப்பு, ஒரு காய், ஒரே குக்கர், மூன்று விசில், மேலே தாளிப்பு, வாரத்துக்கு மூன்று நாள் அரை ஸ்பூன். பீர்க்கங்காயில் போட்டேன், முள்ளங்கிக்கீரையில் போட்டேன். குளிர் வந்து காலிஃப்ளவர் மலிந்ததும் அதிலும் போட்டேன். டெல்லிக் குளிரில் புகையும் தூசியுமாக யாருக்குத்தான் மூக்கு வேலை செய்கிறது? அவளுக்கு அது பூண்டு வாசனை, பெருங்காய வாசனை, நம் வீட்டு வாசனை. பிறந்ததிலிருந்து எங்கள் சமையலறை அப்படித்தானே மணக்கிறது. கன்னத்தில் சதை வந்தது. நான் ஓட்டை போட்ட பெல்ட் பழைய ஓட்டைக்கே திரும்பியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஆங்கில எழுத்தில், “அப்பாவின் கியா”, பீர்க்கங்காய்க்கு “அப்பாவின் தோரி” என்று தலைப்புப் போட்டு என் சமையலையெல்லாம் எழுதி வைக்க ஆரம்பித்தாள்.

“பாத்தீங்களாப்பா, வெஜ் கூட எவ்ளோ டேஸ்டியா இருக்கலாம்! நீங்கதான் நம்பல.”

“ஆமாம்மா,” என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒரு நாள் நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது அவளே அந்த பாட்டிலைக் கீழே இறக்கினாள். காகிதத்தில் இருந்த எழுத்துகளை விரலால் தடவினாள்.

“இதுல என்னப்பா எழுதியிருக்கு?”

அவள் கையில்தான் இருக்கிறது எல்லாம், கொட்டை எழுத்தில். ஆனால் அவளுக்கு அது வெறும் கோலம். தமிழ் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது. இங்கிலீஷ் நன்றாக வரும் என்று சொல்லி வேறு பள்ளியில் சேர்த்தவன் நான். வீட்டிலாவது படி என்று அப்புறம் கத்தியவனும் நான். அன்றைக்கு அந்த நிமிஷத்தில், நல்லவேளை, நல்லவேளை இவளுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று மனசுக்குள் கும்பிட்டேன்.

“மசாலாப்பொடி,” என்றேன்.

“அச்சா,” என்று சொல்லி, இருந்த இடத்தில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனாள். நான் வாய்விட்டுச் சொன்ன முதல் முழுப்பொய் அதுதான். அதுவரை பொய்யைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன், அன்றைக்கு உள்ளேயே இறங்கிவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் எங்கள் வீட்டுக்குள்ளேயே முடிந்திருக்கும். எங்களுக்கு நேர் மேல்வீட்டில் என் மகளின் சிநேகிதி இருக்கிறாள். ஒரே வகுப்பு, ஒரே பஸ். அவர்கள் பரம்பரையாகச் சைவம். முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொட மாட்டார்கள். டிசம்பரில் ஒரு நாள் என் மகள், “அப்பா, நாளைலேர்ந்து கொஞ்சம் எக்ஸ்ட்ரா வைங்க. பாதி அவ சாப்ட்டுடறா. ரெண்டு மாசமா இதேதான்” என்றாள்.

இட்ட சாதம் எனக்கு இறங்கவில்லை. என் பெண்ணாவது சின்ன வயதில் தின்றவள், நேற்றுவரை தின்றவள் என்று மனசுக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அந்தக் குழந்தைக்கு என்ன சமாதானம் சொல்வது? யாரோ ஒரு மதராஸி அங்கிளின் சமையலை நம்பி, ஜென்மத்தில் தொடாததை ரெண்டு மாசமாகத் தின்றிருக்கிறாள்.

“டப்பாவ ஷேர் பண்ணாதம்மா. ஃப்ளூ சீசன்,” என்று உளறினேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “நீங்கதானப்பா எல்.கே.ஜி.லேர்ந்து ஷேர் பண்ணிச் சாப்பிடு, ஷேர் பண்ணிச் சாப்பிடுன்னு சொன்னீங்க?”

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பொடி போடுவதை நிறுத்தினேன். நாலு நாள் நிறுத்தினேன். நாலு நாளும் டப்பா பாதி திரும்பி வந்தது. “என்னப்பா, மூட் சரியில்லையா?” என்று அவள் கேட்டாள். ஐந்தாம் நாள் மறுபடி அரை ஸ்பூன். புகழ் என்பது எவ்வளவு கேவலமான பழக்கம் பாருங்கள். இருபது வருஷ ஆபீசில் ஒருத்தன்கூட என்னை மெச்சியது இல்லை. ஒரு சுரைக்காய்க் கூட்டுக்கு இரண்டு பெண் குழந்தைகள் மெச்சினார்கள். அதை விட எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அந்தச் சிநேகிதியின் அம்மாவே லிஃப்டில் பிடித்துக்கொண்டார். “பாய் சாப், ஆப்கே ஹாத் மே ஜாதூ ஹை!” என்றார். என் கையில் மந்திரம் இருக்கிறதாம். கியா என்றாலே ஓடுகிற பெண் இப்போது அதைக் கேட்டு அடம்பிடிக்கிறாளாம். அந்த மசாலாவில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். அவர் இறங்கிப்போன பிறகும் நான் லிஃப்டிலேயே நின்றேன். அது என்னைக் கீழே கொண்டுபோய் மறுபடி மேலே கொண்டுவந்தது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் சட்டி நாள். சமையலறையில் கறி கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி துணி காயப்போடப் போயிருந்தாள். என் மகள் முன்னறையில் என் போனை எடுத்து என் அக்காவை வீடியோவில் கூப்பிட்டாள். மேல்வீட்டு ஆன்ட்டிக்காக ஒரு பாட்டில் கேட்கப்போகிறாள். எனக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று என்னிடம் சொல்லவில்லையாம். குரல் வந்ததும்தான் எனக்கே தெரிந்தது.

“அத்தை, அந்த மசாலாப்பொடி இன்னொரு பாட்டில் அனுப்புவீங்களா?”

“எந்தப் பொடிட்டி?”

“இது, இது, பாருங்க.” பாட்டிலைக் காமிராவில் காட்டியிருக்க வேண்டும்.

“ஓ, அதுவா! கூனிப்பொடில்லா. அதுக்குள்ள தீந்துட்டா? நீ மீனே திங்க மாட்டேங்கியாம்னு உங்கப்பன் பெரிசா சொன்னானே?”

“ஆமா அத்தை, நான் வெஜிடேரியன். இது மசாலாதானே?”

“என்னத்த மசாலா? கூனிட்டி. குட்டி இறாலு இருக்கும்லா, அது. போன வாரம்தான் ரெண்டு கிலோ வாங்கிக் காயப்போட்டேன். வாசனைக்குப் போடறதுதானட்டி, அதுல என்ன கெடக்கு? இன்னும் ரெண்டு பாட்டில் அனுப்புதேன், என்ன?”

அக்கா சிரித்துக்கொண்டே பேசினாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் தண்ணீர்க் குழாயை மூடக்கூடச் செய்யாமல் நின்றேன். ஓடிப்போய் போனைப் பிடுங்கலாமா என்றுகூட ஒரு புத்தி வந்தது. என்ன பிரயோஜனம்? “சரி அத்தை, அப்புறம் பேசறேன்” என்று என் மகள் மரியாதையாகச் சொல்லிப் போனை வைப்பது கேட்டது.

சமையலறை வாசலில் வந்து நின்றாள். என் கையில் கறி.

“எவ்ளோ நாளா?”

“அஞ்சு மாசம்.”

“டெய்லியா?”

“வாரத்துல மூணு நாள்.”

அவள் அழவில்லை. குளியலறைக்குப் போனாள். பல் தேய்க்கிற சத்தம் கேட்டது. வெகுநேரம் தேய்த்தாள். நிறுத்துவாள், மறுபடி தேய்ப்பாள். துணி காயப்போட்டுவிட்டு வந்த என் மனைவி அந்தச் சத்தத்தையும் என் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு வந்து என் மகள் சொன்னது இவ்வளவுதான்: “கேட்டிருந்தா நான் நோ சொல்லியிருப்பேன். உங்களுக்குத் தெரியும். அதனாலதான் கேக்கல. ஹை நா, சரிதானே?”

நீ இளைத்துப்போனாய், அதனால்தான் என்று ஆரம்பித்தேன். பெல்ட்டைப் பற்றி ஏதோ சொன்னேன். அவள் முடியும்வரை கேட்டாள். பிறகு, “ஆன்ட்டிகிட்ட நீங்க போய்ச் சொல்லுங்கப்பா” என்றாள்.

“அவங்களுக்குத் தெரிய வேணாமேம்மா. தெரிஞ்சா உங்க ரெண்டு பேர் ஃப்ரெண்ட்ஷிப்பே…”

“தெரியும். போய்ச் சொல்லுங்க.”

ஒரு மாடிதான். பதினெட்டுப் படி. லிஃப்டில் போக வெட்கமாக இருந்தது. அந்த அம்மா கதவைத் திறந்ததும் வாயெல்லாம் சிரிப்பாக, “ஆயியே பாய் சாப்” என்றார். உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்று, எனக்குத் தெரிந்த இந்தியில், பொடி என்ன, எத்தனை மாதம், யார் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். என் மகளுக்கு எதுவும் தெரியாது என்று நாலு தடவை சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து ஒரே ஒரு விஷயம் சொன்னார். “என் பெண்ணுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், தெரிந்தால் தாங்க மாட்டாள், உங்கள் பெண்ணிடமும் சொல்லி வையுங்கள்” என்றார். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினார்.

நான் கீழே வந்து அதைச் சொன்னபோதுதான் என் மகள் அழுதாள். உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அவளும் ஒன்றை மறைக்க வேண்டும், அதுவும் தினமும் பக்கத்தில் உட்காரும் சிநேகிதியிடம். என் பொய்யை நான் அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

“இப்பவும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறோம்,” என்று ஒரு நாள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “அவ டப்பா அவளுக்கு, என் டப்பா எனக்கு. ஏன்னு கேக்கறாம்மா. ஃப்ளூ சீசன்னு சொன்னேன்.” மார்ச் மாத வெயிலில் ஃப்ளூவாம். என் வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த அறையில் இருந்த எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போடப்போனேன். “போடாதீங்க, அத்தை கஷ்டப்பட்டுச் செஞ்சது” என்று அவளே வாங்கி என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்குள் வைத்தாள். அன்றிலிருந்து அவள் டப்பாவை அவளே கட்டிக்கொள்கிறாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து, உருளைக்கிழங்கில் சீரகம் போட்டு வதக்கிக்கொள்வாள், அல்லது பாசிப்பருப்பும் பாலக்கும் ஒரே குக்கரில் வைத்துக்கொள்வாள். நான் செய்வதில் தயிர்சாதம் சாப்பிடுவாள், சப்பாத்தி சாப்பிடுவாள். கண்ணுக்குத் தெரிகிறதைச் சாப்பிடுவாள். குழம்பு, கூட்டு என்று கலந்து இருப்பதைத் தொட மாட்டாள். என்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதெல்லாம் இல்லை. பள்ளிக்கூடக் கதை சொல்வாள், பணிவாகப் பேசுவாள். ஒரு தடவை அவளுடைய பாசிப்பருப்பை எனக்கும் ஒரு கரண்டி வைத்தாள். உப்பு, மஞ்சள், சீரகம், கொஞ்சம் எலுமிச்சை. வேறு ஒன்றுமில்லை. நன்றாக இருந்தது. அடப்பாவி, அவ்வளவுதானா விஷயம் என்று இருந்தது. எனக்குச் சமைக்கத்தான் தெரியவில்லை, பொடி இல்லாதது ஒரு குறையே இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள் அவள் கேட்டாள். “அப்பா, எனக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கறீங்களா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்காகக் கத்திக் கெஞ்சியும் நடக்காதது! என் மேல் இருந்த கோபம் போய்விட்டது, என் பாஷை வழியாக என்னிடம் வருகிறாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன். திடீரென்று எதற்கு என்று கேட்டதற்கு, “சும்மா” என்றாள். அன்று சாயங்காலமே அரிச்சுவடி வாங்கி வந்தேன். ஆபீசிலிருந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் தினமும் அரைமணி. கெட்டிக்காரி. ளகரமும் னகரமும் அவளைப் பாடாய்ப் படுத்தின, மற்றபடி பிடித்துக்கொண்டாள். அக்காவுக்குப் போன் செய்து பெருமையடித்தேன். மனைவியிடம், “பாத்தியா, பிள்ள மனசு மாறிட்டு” என்றேன். அவள், “மாறட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து, அவள் படிப்பதற்கு வசதியாக இருக்கட்டும் என்று அலமாரியில் இருந்த எல்லா பாட்டிலுக்கும் நானே புதிதாகக் காகிதம் ஒட்டினேன். அச்சடித்த மாதிரி எழுதினேன். ஒரு சனிக்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு, “வா, ஒவ்வொண்ணா வாசி பாக்கலாம்” என்றேன்.

வந்தாள். எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, கூட்டிக் கூட்டி வாசித்தாள். மஞ்சள். சீரகம். கடுகு. ஒவ்வொன்றுக்கும் நான் “சபாஷ்” போட்டுக்கொண்டு வந்தேன். கடைசியாக இருந்தது அக்கா கொடுத்த பருப்புப்பொடி. “ப… ரு… ப்… பு… ப்… பொ… டி” என்று நிறுத்தி நிறுத்தி வாசித்து, பிறகு ஒரே மூச்சில் “பருப்புப்பொடி” என்றாள்.

“பிரமாதம்!” என்று கை தட்டினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பாட்டிலின் மூடியைத் திறந்து, மூக்கின் அருகே கொண்டுபோய், நிதானமாக முகர்ந்து பார்த்தாள்.